முப்பதாம் எண் முதுகு

குண்டு பல்பு வெளிச்சத்தில் எல்லோரும் கொஞ்சம் அழகாகத் தெரிவார்கள். இது நான் கண்டுபிடித்ததில்லை. துணிக்கடைக்காரர்களுக்கும் போட்டோ எடுப்பவர்களுக்கும் எப்போதோ தெரிந்த விஷயம். பரு, திட்டு, சிவப்பு எல்லாம் அந்த மஞ்சளில் கரைந்துவிடும். டியூப்லைட் அப்படியில்லை. உள்ளதை உள்ளபடி காட்டிக் கொடுத்துவிடும். பத்து நாளுக்கு முன்னால் நீங்கள் இந்த அறைக்குள் வந்ததும் முதல் வேலையாகக் கூரையை அண்ணாந்து பார்த்தீர்கள். பிறகு கதவோரத்தில் இருக்கும் இரண்டு ஸ்விட்சுகளையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தீர்கள். உங்களுக்கு முன்னால் வந்த விசாரணைக்காரர்கள் எல்லோரும் காகிதத்தைத்தான் புரட்டினார்கள். நீங்கள் ஸ்விட்சைப் போட்டதுமே, இனிச் சுற்றி வளைத்துப் பேசிப் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன்.

எழுதிக்கொள்ளுங்கள். நிதானமாகவே சொல்கிறேன்.

இந்தத் தோல் ஆஸ்பத்திரியில் எனக்குப் பத்தொன்பது வருடம். என் வேலை சிவப்பைப் பார்ப்பது. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும், வேலை அதுதான். தோலில் சிவப்பு இருக்கிறதா, இருந்தால் எவ்வளவு என்று கண்ணால் பார்த்து, பூச்சியத்திலிருந்து நான்கு வரைக்கும் ஓர் எண் எழுத வேண்டும். இதற்குக் கருவிகள் வந்துவிட்டன என்றாலும் பெரிய டாக்டருக்கு என் கண்மேல்தான் நம்பிக்கை. "நம்ம அளவுகோல் வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் காலையில் வேலையை ஆரம்பிப்பார். அளவுகோல் என்பது நான்.

பெரணி விஷயத்துக்கு வருகிறேன். வெப்பக் காடுகளில் மரத்தைத் தொற்றிக்கொண்டு வளர்கிற ஒரு பெரணி. அதன் இலைச் சாற்றை உலர்த்தித் தூளாக்கி, கேப்சூலில் அடைத்து, வெயிலிலிருந்து தோலைக் காக்கும் என்று விற்கிறார்கள். வெயில் பட்டுத் தோல் சிவப்பதை அது கொஞ்சம் தள்ளிப்போடுகிறது என்று சொல்லும் ஆய்வுகள் ஏற்கெனவே சில இருந்தன. எல்லாம் சின்ன ஆய்வுகள்; பத்துப் பேர், இருபது பேர். பெரிய டாக்டர் அவற்றைக் கரைத்துக் குடித்தவர். "ஏதோ இருக்குற மாதிரி தெரியுது. இருக்குன்னு அடிச்சுச் சொல்ல இது பத்தாது" என்பார். "அப்படியே இருந்தாலும் இது குடைக்குப் பதில் இல்ல, தொப்பிக்குப் பதில் இல்ல, க்ரீமுக்கும் பதில் இல்ல" என்று வார்த்தை மாறாமல் சேர்த்துக்கொள்வார். பலன் இல்லை என்று முடிவு வந்திருந்தால் அதையும் அதே குரலில் எழுதி அச்சுக்கு அனுப்பியிருப்பார். அவர் என்னிடம் எதையும் எதிர்பார்க்கவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பது பேர். அதில் பதினைந்து பேருக்குப் பெரணி, மற்றவர்களுக்கு மருந்தே இல்லாத வெறும் மாவு மாத்திரை. யாருக்கு எது என்பது அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியக் கூடாது. அந்தப் பட்டியல் கணக்கு நிபுணரின் அலமாரியில் பூட்டி இருந்தது. ஒவ்வொருவருக்கும் இடுப்புக்கு மேலே, முதுகில், ஆறு சதுர ஓட்டை போட்ட அட்டையை வைத்துப் புற ஊதா விளக்கைக் காட்டுவோம். முதல் கட்டத்துக்குக் குறைவாக, ஆறாவது கட்டத்துக்கு அதிகமாக. மறுநாள் அதே நேரத்துக்கு அவர்கள் வந்து குப்புறப் படுப்பார்கள். எந்தக் கட்டத்திலிருந்து சிவந்திருக்கிறது என்று நான் எழுதுவேன். பிறகு இரண்டு வாரம் மாத்திரை. அது முடிந்ததும் மறுபடி விளக்கு, மறுநாள் மறுபடி நான். சிவப்பு ஆரம்பிக்கும் கட்டம் தள்ளிப்போயிருந்தால் மாத்திரை வேலை செய்கிறது என்று அர்த்தம்.

எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. திரும்பி வரும் குப்பிகளில் மிச்சம் எத்தனை மாத்திரை என்று எண்ணுவது. மூன்றாவது குப்பியிலேயே கண்டுபிடித்துவிட்டேன். மாவு மாத்திரையைக் காதோரம் வைத்துக் குலுக்கினால் உள்ளே சலசலக்கும். பெரணித் தூள் ஈரத்தை இழுத்துக் கட்டிக்கொள்வதால் சத்தம் வராது. அன்றைக்கே நான் இதைப் பெரிய டாக்டரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிருந்தால் சோதனையை நிறுத்திவிட்டு, வேறு மாத்திரை வரவழைத்துத் தொடங்கியிருப்பார். நாலைந்து மாதம் தள்ளிப்போயிருக்கும். என் தங்கையால் அவ்வளவு நாள் பொறுக்க முடியாது என்று நினைத்தேன்.

தங்கையைப் பற்றிச் சொல்லாமல் இது விளங்காது. என்னைவிட இரண்டு வயது சின்னவள். சர்வேயர். நிலம் அளக்கும் கருவியின் முக்காலியைத் தோளில் போட்டுக்கொண்டு பொட்டல் வெளியில் நாள் முழுக்க நிற்கிற வேலை. அவளுக்கு அது வேலை இல்லை, மூச்சு. சின்ன வயதில் சைக்கிள் விட அவள் முதலில் கற்றுக்கொண்டு, பிறகு எனக்குச் சொல்லிக் கொடுத்தாள். நீச்சலும் அப்படித்தான். வீட்டில் எந்த முடிவென்றாலும் "சின்னவளக் கேளு" என்பார்கள். நான் பேருக்குத்தான் பெரியவள். சதா நிழலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவள் என்னைக் "குடைக்காளான்" என்று கூப்பிடுவாள். எனக்குக் கோபம் வராது. வராது என்றுதான் இத்தனை காலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சோதனை தொடங்குவதற்கு ஒரு வருடம் முன்னால் அவள் காது மடலில் சொரசொரப்பாக ஒரு தடிப்பு வந்தது. வேறொரு ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்தார்கள். இன்னும் புற்றுநோயாக மாறவில்லை, ஆனால் மாறப் பார்க்கிறது, இனி வெயிலே ஆகாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அலுவலகத்தில் அவளைப் பழைய வரைபடங்கள் இருக்கும் அறைக்கு மாற்றினார்கள். போன வாரம் பார்த்தவளை இந்த வாரம் அடையாளம் தெரியாது, அப்படி வாடிப்போனாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, சாப்பிட உட்கார்ந்த இடத்தில், பெரணியைப் பற்றி நான்தான் எடுத்துவிட்டேன். "ஆறு மாசம் பொறு. உன்ன வெயிலுக்கு நான் அனுப்பி வைக்கிறேன்" என்றேன். அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "நெஜமாவாக்கா?" என்றாள். அவள் என்னிடம் அப்படி ஒரு குரலில் பேசி நான் கேட்டதில்லை. அதன்பிறகு வாரம் தவறாமல் போன் வரும். "உன் பெரணி என்னக்கா சொல்லுது?" என்பாள்.

பெரணி ஒன்றும் சொல்லவில்லை. பதினாறு பேர் முடிந்திருந்தார்கள், பாதிக்குப் பாதி. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். ஒருவருக்கு ஒரு கட்டம் தள்ளிப்போயிருந்தால் இன்னொருவருக்கு ஒரு கட்டம் முன்னால் வந்திருந்தது. போனில் அவளிடம், "நல்லாப் போயிட்டிருக்கு" என்று சொன்னேன்.

பதினேழாமவர் ஒரு பஸ் டிரைவர். அவர் வந்த அன்று இந்த டியூப்லைட் மினுக்கி மினுக்கி அணைந்துவிட்டது. குறித்த நேரத்தில் பார்க்காவிட்டால் அவருடைய இரண்டு வாரமும் வீண். அதனால் ஸ்டோரில் கையெழுத்துப் போட்டு ஒரு குண்டு பல்பு வாங்கி வந்து, சுவரில் சும்மா கிடந்த ஹோல்டரில் மாட்டினேன். அந்தக் கையெழுத்தைத்தான் நீங்கள் பதிவேட்டில் பார்த்தீர்கள். இதுவரைக்கும் என்மேல் தப்பில்லை. அவர் படுத்தார். போன முறை மூன்றாவது கட்டத்திலேயே சிவந்த முதுகு. இந்த முறை ஐந்து வரைக்கும் எதுவும் தெரியவில்லை. அவருடைய குப்பி சத்தம் போடாத குப்பி. ஒரு நிமிடம் நான் உண்மையாகவே நம்பினேன். நான் சொல்லப்போவதில் வெட்கப்படாமல் சொல்லக்கூடியது அந்த ஒரு நிமிடம்தான்.

டிரைவர் எழுந்து, சட்டையைக் கையில் பிடித்தபடி வெளியே நடந்தார். தாழ்வார ஜன்னலோரம் நின்று சட்டையை மாட்டினார். பகல் வெளிச்சம் முதுகில் விழுந்தது. மூன்றாவது கட்டத்திலிருந்து சிவப்பு வரிசையாக நின்றது. என் கையில் படிவம் இருந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை. "என்னம்மா, ஏதாச்சும் தப்பா?" என்று கேட்டார். "இல்லண்ணே, நீங்க போங்க" என்றேன். உள்ளே வந்து, ஐந்து என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாளில் டியூப்லைட்டைச் சரிசெய்துவிட்டார்கள். குண்டு பல்பை நான் கழற்றவில்லை. அன்றிலிருந்து சத்தம் போடாத குப்பிக்காரர்கள் வரும்போது இந்தப் பக்கத்துக் குண்டு பல்பு ஸ்விட்ச், சலசலக்கும் குப்பிக்காரர்கள் வரும்போது அந்தப் பக்கத்து டியூப்லைட் ஸ்விட்ச். பொய்யான எண் எதையும் நான் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். கண்ணுக்குத் தெரிந்ததைத்தான் எழுதினேன். முதல் பதினாறு பேரின் தாள்களில் கைவைக்கவும் இல்லை. எழுதியதைத் திருத்துவது மோசடி என்று நினைத்தேன். வெளிச்சத்தை மாற்றுவது வேறு என்று நினைத்தேன். இப்படி நினைத்துக்கொண்டுதான் தினமும் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டேன், தூங்கினேன்.

கடைசியில் முப்பதாம் எண்ணுக்குரியவர் ஊர் மாறிப் போய்விட்டார். தங்கைக்கு இது எப்படியோ என் வாயாலேயே தெரிந்துவிட்டது. "என்னச் சேத்துக்கோக்கா. என் முதுகுலயே பாத்துடுவோம்" என்றாள். ஊழியரின் சொந்தக்காரர்கள் சேரக்கூடாது. முன்பு தோலில் கோளாறு வந்தவர்கள் சேரவே கூடாது. அப்படிப்பட்ட தோலில் அந்த விளக்கைக் காட்டுவதே பாவம். படிவத்தில் உறவு என்ற இடத்தில் இல்லை என்று எழுதினேன். தோல் நோய் என்ற இடத்திலும் இல்லை என்று எழுதினேன். அவள் கணவர் பெயரைச் சேர்த்துப் பெயரை எழுதி, முகவரிக்கு என் வீட்டைப் போட்டேன். அந்த முகவரி என் சம்பளப் புத்தகத்திலும் இருப்பதைக் கண்டுபிடித்தது நீங்கள்தான்.

முப்பதாம் குப்பியை மருந்து அலமாரியிலிருந்து எடுத்ததும் வழக்கம்போலக் காதோரம் வைத்துக் குலுக்கினேன். சலசலவென்று கேட்டது. மாவு. வேறு குப்பி எடுத்துக் கொடுத்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. சோதனையின் நேர்மை கெட்டுவிடும் என்று அதையே அவள் கையில் கொடுத்தேன். நீங்கள் பேனாவை நிறுத்திவிட்டீர்கள். நான் சொன்னது சரிதான், எழுதுங்கள்.

இரண்டு வாரம் நேரம் தவறாமல் மாவைச் சாப்பிட்டாள். மறுபடி விளக்கைக் காட்டினோம். மறுநாள் இந்தக் கட்டிலில்தான் குப்புறப் படுத்தாள். சின்ன வயதில் ஒரே பாயில் படுத்து நான் கதை சொல்லித் தட்டிக்கொடுத்த முதுகு. மாவுக்காரி என்பதால் டியூப்லைட் போட்டிருந்தேன். முதல் முறை போலவே மூன்றாவது கட்டத்திலிருந்து சிவந்திருந்தது, ஆறாவது தக்காளி மாதிரி. அப்படியே எழுதினேன். இந்தக் கோப்பில் முழு உண்மையான தாள் ஒன்று வேண்டுமென்றால் முப்பதாம் தாளை எடுத்துக்கொள்ளுங்கள்.

"என்னக்கா, தாங்குச்சா?" என்று தலையணையில் முகத்தை வைத்தபடியே கேட்டாள்.

நான் எழுந்து கதவோரம் போனேன். டியூப்லைட்டை அணைத்துவிட்டு குண்டு பல்பைப் போட்டேன். இரண்டு கண்ணாடிகளைக் கொண்டுவந்து, ஒன்றை அவள் கையில் கொடுத்து, மற்றதை முதுகுக்குப் பின்னால் பிடித்தேன்.

"நீயே பாத்துக்கோ."

கண்ணாடியைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள். "ஒண்ணுமே காணோமே."

"அதுக்குத்தானே பெரணி."

"அப்போ நான் போகலாமா?"

"போ" என்றேன்.

"தொப்பி, க்ரீம், அந்தக் கண்றாவியெல்லாம்?"

"மாத்திரைய விடாமச் சாப்பிடு. அது பாத்துக்கும்."

அவள் எழுந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "குடைக்காளான்னு இனிமே சொல்ல மாட்டேன்" என்றாள். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அந்த வாரமே பெரிய அதிகாரியிடம் சண்டை போட்டு வெளி வேலைக்குத் திரும்பிவிட்டாள். மிச்சம் வந்த பெரணிக் குப்பிகளை அவளுக்குக் கொடுத்தேன். பிறகு கடையில் வாங்கிக் கொடுத்தேன். எங்கள் ஆய்வு அச்சாகி, மாத்திரைப் பெட்டியின் பக்கவாட்டில் அதிலிருந்து ஒரு வரியைப் போட்டிருந்தார்கள். அவள் அந்தப் பெட்டியை அலுவலகத்தில் எல்லோருக்கும் காட்டி, "எங்கக்கா பாத்துச் சொன்னது" என்றிருக்கிறாள். அந்தப் பெட்டியை நம்பி எத்தனை பேர் தொப்பியைக் கழற்றிவைத்தார்களோ என்று நீங்கள் கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் எத்தனை முயன்றாலும் எனக்குத் தெரிவது ஒரு முதுகுதான். அதற்கும் சேர்த்து வெட்கப்படுகிறேன்.

இரண்டாவது வருடக் கடைசியில் அதே காதில் மறுபடி வந்தது. இந்த முறை மாறப் பார்க்கவில்லை, மாறியே இருந்தது. கழுத்தில் நெறிகட்டியபோதுதான் என்னிடம் சொன்னாள். பாதிக் காதை எடுத்துவிட்டார்கள். கழுத்தையும் திறந்தார்கள். இப்போது மருந்து ஏற்றுகிறார்கள். மருந்தின் வேகத்தில் கண் மங்கிவிட்டது, நல்ல வெளிச்சம் இல்லாவிட்டால் எழுத்துக் கூடவில்லை என்கிறாள். எத்தனை நாள் என்று டாக்டர்களும் பிடிகொடுத்துப் பேசுவதில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கம் என்று என் வீட்டில்தான் இருக்கிறாள்.

போன மாதம் ஒருநாள் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். "மாத்திரை சாப்பிட்டே இப்படின்னா, சாப்பிடாம இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்க்கா? உன்னாலதான் இந்தளவுக்காச்சும் உக்காந்திருக்கேன்" என்றாள். அப்போது சொல்லியிருக்கலாம். வீட்டில் வேறு யாரும் இல்லை. நாக்கு நுனிவரை வந்தது. "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டேன். இன்றைக்குக் காலையிலும் அந்தப் பெட்டியிலிருந்து இரண்டு மாத்திரை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்துவிட்டுத்தான் இங்கே வந்தேன்.

பெரிய டாக்டரிடம் போன வாரம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். மேஜைமேல் இருந்த குண்டூசிகளைப் பொறுக்கி ஒவ்வொன்றாக டப்பாவில் போட்டார். பிறகு, "நீங்க போகலாம், மேடம்" என்றார். பத்தொன்பது வருடத்தில் அவர் என்னை மேடம் என்றது அதுதான் முதல் தடவை.

ஏன் செய்தேன் என்று கேட்டீர்கள். தங்கைமேல் இருந்த பாசம் என்று எழுதி வைத்திருந்த தாள் பைக்குள் இருக்கிறது. அதைத் தர வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது. பாசம் இருந்திருந்தால் அன்றைக்கு டியூப்லைட்டை அணைத்திருக்க மாட்டேன். என்னைவிட எல்லாவற்றிலும் முந்திக்கொண்டவள், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரணியில் ஒன்றும் இல்லை என்று நான் சொன்னால் அவள் மறுபடி தலையைத் திருப்பிக்கொள்வாள். அதை என்னால் தாங்க முடியவில்லை. அவள் நெஞ்சொடிந்து வரைபட அறையில் உட்கார்ந்திருப்பதை நன்றாகவே தாங்கியிருந்தேன். அதுதான் உண்மை. சொல்லும்போது என் குரலே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனாலும் சொன்னதில் ஒரு நிம்மதி. இனி மறைப்பதற்கு என்னிடம் எதுவும் இல்லை.

கையெழுத்து எங்கே போட வேண்டும்? இந்த இடமா?

சோதனைக்கு வந்த முப்பது பேருக்கும் உண்மையைச் சொல்லித் தனித்தனியாகக் கடிதம் அனுப்பப்போவதாகச் சொன்னீர்கள். நியாயமான காரியம். முப்பதாம் எண்ணின் கடிதத்துக்கு மட்டும் தபால் வேண்டாம், என் கையில் கொடுங்கள், எப்படியும் வருவது என் வீட்டுக்குத்தான். பயப்படாதீர்கள், அவளுக்கு நானே படித்துக் காட்டிவிடுவேன். அவளாகப் படிக்க முடியாது. அவள் வந்த நாளிலிருந்து வீடு முழுக்க குண்டு பல்புதான் போட்டிருக்கிறேன்.